கண் வைக்காத முயல்

மருதமுனை,
03.10.2024

ஜுனைட் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதற்குமேல் சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

வட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் குரல்பதிவுகளுக்கு இனிப் பதில் வராது. அவற்றை அழித்துவிடலாம். தாளில் எழுதுங்கள்.

மூன்றாம் வருட மாணவர்களின் விரிவுரைக்காக, பைசாந்தியக் காலத்து எகிப்தியச் சித்திர நெசவுகளின் படங்களை நேற்றுத் தேடிக்கொண்டிருந்தேன். லண்டன் ஏல நிறுவனம் ஒன்றின் பட்டியலில் நாற்பத்தோராம் இலக்கம் கண்ணில் பட்டது. கம்பளியும் லினனும் சேர்த்து நெய்த ஊதா வட்டம். திராட்சைக் கொடிக்குள் ஓடும் முயல். கி.பி. ஆறாம் நூற்றாண்டு என்று போட்டிருந்தார்கள். அடியில் ஒரு குறிப்பு: "முயலின் கண்ணாக ஊதாவின் மேல் ஓடிய வெள்ளை இழைகள் காலத்தால் உதிர்ந்துவிட்டன."

உதிரவில்லை. அங்கே கண் வைக்கப்படவே இல்லை. சென்ற வருடம் என் தங்கை றாஹிலா அந்த முயலை நெய்து முடித்த வேளையில் நான் அருகில் இருந்தேன். நீங்கள் அனுப்பிய படத்தில் முயலுக்கு வெள்ளைக் கண் இருக்கிறதே என்று கேட்டேன். "எனக்கு ஏலா காக்கா. உசிருள்ளதுக்குக் கண் வெச்சா, நாளை மஹ்ஷர்ல, தீர்ப்பு நாள்ல, இதுக்கு உசிரையும் குடு எண்டு அல்லாஹ் கேப்பான். நீங்களா வந்து குடுக்கப் போறீங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் இருக்க வேண்டிய இடத்தையும் ஊதா நூலாலேயே நிரப்பினாள்.

லண்டன் நூதனசாலையில் பழம்பொருட்கள் பார்க்க வரும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும் என்றீர்கள். அதன் கீழே அவளுடைய பெயர் இருக்கும் என்றீர்கள். "லண்டன்ல எண்ட பேர எழுதி வெச்சிரிக்காங்க" என்று இன்றுவரை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அங்கே போய் ஆறு வருடமாகிறது. இந்தக் காலத்தில் கணவரான உங்களைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்வதற்கு இருந்தது இது ஒன்றுதான்.

ஏலம் நவம்பர் 21. நவம்பர் முதலாம் திகதிக்குள், இந்தத் துணியை 2023இல் மருதமுனை றாஹிலா நெய்தாள் என்று அந்த நிறுவனத்துக்கு உங்கள் கைப்பட எழுதுங்கள். எழுதினால், உங்கள் பொய்யைப் பற்றி அவளிடம் நான் வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
அப்துல் கபூர்


லண்டன்,
16.10.2024

அன்பு மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். காயிதம் கிடைச்சது. ரெண்டு தரம் வாசிச்சன். நீங்க பெரிய படிப்புப் படிச்சவர், எழுதினா ஊசி மாதிரித்தான் இரிக்கும். எனக்கு அப்பிடி எழுத வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், கோவிக்காதீங்க.

களவு எண்டு நினைச்சு நான் செய்யல்ல. நான் வேலை செய்ற பழஞ்சாமான் கடை முதலாளி அந்தத் துணியைப் பாத்துட்டு, "இது பழசாத்தானே இருக்கணும்" எண்டார். நான் ஓம் எண்டும் சொல்லல்ல, இல்லை எண்டும் சொல்லல்ல. தேயிலைத் தண்ணியில ஊற வெச்சு, அவர் சொல்ல எண்ட பேர்ல ஏலத்துக்குக் குடுத்தது மட்டுந்தான் நான்.

சரி, என்னில பிழைதான். ஆனா ஒண்டு கேக்கிறன். எகிப்துக்காரர் நூலை இடப்பக்கமாத்தான் முறுக்குவாங்க, வலப்பக்கம் முறுக்கினா படிச்சவன் உடனே புடிச்சிருவான் எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தது ஆர் மச்சான்? நீங்கதானே? றாஹிலாவுக்குப் பக்கத்துல இருந்து, முறுக்கின நூலையெல்லாம் அவிழ்த்துத் திரும்ப முறுக்க வெச்சதும் நீங்கதானே? அந்த முறுக்கைப் பாத்துத்தான் இஞ்ச உள்ள பெரிய ஆள் "அசல்" எண்டு கையெழுத்து வெச்சார். நீங்க எழுதினா எண்ட விசாவோட உங்கட பேரும் போகும். கம்பஸ்ல என்ன சொல்லுவாங்க?

றாஹிலாட்ட ஒண்டும் சொல்லாதீங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாறன், கட்டாயம் வாறன். இன்னொரு விசயம், முதலாளி இதே மாதிரி ஒரு சோடிப் பறவை கேக்கிறார். இந்த முறை கண்ணை மட்டும் வைக்கச் சொல்லுங்க.

உங்கட மச்சினன்,
ஜுனைட்


மருதமுனை,
09.11.2024

ஜுனைட்டுக்கு,

ஸலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரேயொரு உண்மை இருக்கிறது. இடப்பக்க முறுக்கைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். என் அறிவு ஒருவருக்குப் பயன்படுகிறதே என்ற மகிழ்ச்சியில், எதற்கு என்று நான் கேட்கவில்லை. புதைகுழிகளைத் தோண்டி, இறந்தவர்களின் ஆடைகளில் வேலைப்பாடுள்ள துண்டை மட்டும் வெட்டிக்கொண்டு மிகுதியை மண்ணில் எறிந்த வியாபாரிகளைப் பற்றி இருபத்தெட்டு வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். அவர்களில் ஒருவருக்கு என் தங்கையைக் கட்டிக் கொடுத்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நவம்பர் இரண்டாம் திகதி ஏல நிறுவனத்துக்கு எழுதினேன். முதற் பந்தியில் என் பெயரையும் நான் செய்ததையும் வைத்தேன். உங்கள் பெயர் இரண்டாம் பந்தியில் வருகிறது. துணைவேந்தருக்கும் பிரதி அனுப்பினேன். விசாரணை முடியும்வரை விரிவுரைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் செய்தது சரி.

பிறகு உங்கள் கடிதத்தை றாஹிலாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். அழவில்லை. "கண்ணை வைக்கச் சொல்லி எழுதினது அவரா, அவர்ர முதலாளியா?" என்று கேட்டாள். அவர்தான் என்றேன். "அண்டைக்கு நான் ஏலா எண்டு சொன்னத்துக்கு, 'நீ செஞ்சதுதான் சரி, உண்ட ஈமானுக்கு நான் என்ன குறுக்க?' எண்டு போன்ல சொன்னாரே" என்றாள். பிறகு எழுந்து போய் அலுமாரியிலிருந்த உங்கள் உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

அவை கல்முனைக்குடியில் உங்கள் உம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்த வீடு சீதனமாகத் தங்கையின் பெயரில் உள்ளது என்பதை நினைவூட்டத் தேவையில்லை. காழி நீதிமன்றத்தில் பஸஹ் விவாகரத்து விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். முதல் தவணை ஜனவரியில்.

ஏல நிறுவனம் அந்தத் துணியை விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது. நெய்தவரின் வாக்குமூலம் வேண்டுமென்று ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பெயர், ஊர், பயன்படுத்திய நூல், நெய்ய எடுத்த நாட்கள் எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசிக் கேள்வி, அதை விற்கக் கொடுத்தவருக்கும் நெய்தவருக்கும் உள்ள உறவு என்ன என்பது. இரண்டு நாள் அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தாள். இன்று லுஹர் தொழுகைக்குப் பின் பேனையை என்னிடமிருந்து வாங்கி, தன் கையாலேயே தமிழில் எழுதினாள்: "ஒரு உறவும் இல்லை."

அது உண்மையல்ல. காழியார் தீர்ப்புச் சொல்லும்வரை நீங்கள் அவளுடைய கணவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதன் கீழே சாட்சிக் கையெழுத்து வைத்தேன்.

அ. அப்துல் கபூர்