நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிய விவரம்

என்றும் என் அன்புக்குரிய அக்காவுக்கு,

நீ போன பிறகு இந்த வீட்டில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகப் பெரியதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஜன்னலைப் பார்த்துக் கிடந்த நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். உன் மகள் மரகதம் நாற்காலியின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னல் என்ன பாவம் செய்தது என்பாய். ராயபுரத்தில் ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கப்பல் வரும், கிரேன் குனியும், நிமிரும். பதின்மூன்று வயதுப் பெண்ணின் கண் அதையெல்லாம் விட்டுவிட்டுப் புத்தகத்தில் நிற்குமா? அரைவருஷப் பரீட்சையில் பூகோளமும் போயிற்று, சரித்திரமும் போயிற்று. கண்ணைச் சுவரில் முட்ட வைத்தால் வேறு வழியின்றிப் புத்தகத்துக்குத் திரும்பிவிடும் என்பது என் கணிப்பு. சுவரில் ஒரு தேசப்படமும் மாட்டினேன்.

அன்றைக்கு உன் வீட்டுக்காரர் எண்ணூர்ப் படகு வேலையிலிருந்து வந்திருந்தார். மார்க்கு அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. அவருக்குக் கோபம் வராது என்பது உனக்குத் தெரியும், அதுதான் பயம்.

"இன்னா தம்பி, இது ஏறுமா ஏறாதா? ஏறலன்னா வுட்டுடலாம். வண்ணாரப்பேட்டைல எங்க அக்கா வூட்ல தையல் மிஷின் சும்மாத்தான் கீது" என்றார்.

ஆக, பள்ளியில் இந்த வருஷம் மூன்றாம் பாரம் தேறினால் நான்காம் பாரம். தவறினால் தையல் மிஷின். அவர் போன பிறகு மரகதம் புத்தகங்களை எடுத்து அடுக்கினாள், எண்ணெய்க் கறை பட்டதைத் துடைத்து மறுபடி அடுக்கினாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ கடைசி பாரம் முடிக்கிற வரைக்கும் நீ பாத்துக்கடா" என்று நீ சொன்னது அவருக்குத் தெரியாது. எனக்கல்லவா தெரியும். என்னை எதை வைத்து நம்பினாய் என்று கேட்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்தியே பதினைந்து வருஷம் ஓட்டியவன் நான். படிப்பதைப் பற்றி எனக்குத் தெரியாதது உண்டா? உடனே ஒரு கால அட்டவணை போட்டேன். இந்த வட்டாரத்தில் கடிகாரத்தை நம்பி யாரும் எழுந்ததுமில்லை, உலை வைத்ததுமில்லை. எல்லாம் ஆலைச் சங்குதான். ஆகவே அட்டவணையையும் சங்கின்மேல் கட்டினேன். காலைச் சங்குக்குச் சரித்திரம், மாலைச் சங்குக்குப் பூகோளம், அடுத்த சங்கு ஊதும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை என்பது மட்டும் என் கவனத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை மாலை தொடங்கிய பூகோளம் சட்டப்படி முடியவே இல்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். "இன்னும் சங்கு ஊதல மாமா" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. இந்தக் குணம் எங்கிருந்து வந்ததோ, தெரியவில்லை.

பிறகு சிவப்புப் பென்சில். முக்கியமான வரிகளையெல்லாம் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் புத்தகம் முழுக்கச் சிவந்துவிட்டது. கோடு படாத நாலைந்து வரிகள்தான் கண்ணில் பட்டன, அவற்றை அவள் நன்றாகப் படித்தாள். வல்லாரைக் கீரை வாரம் மூன்று நாள், இரண்டு பேருக்கும். எனக்குக் கீரை பிடிக்காது என்பது நன்றாக ஞாபகம் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், உருப்போடுதல். ஒவ்வொரு பத்தியையும் உரக்கப் பத்து தடவை. தை மாதம் பாதி போவதற்குள் பருவக்காற்றுப் பாடத்தைத் தங்குதடையின்றிச் சொன்னாள். அச்சுப் பிழை உள்பட. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. உன் வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு முன்னால் அஞ்சலை வந்துவிட்டாள். காத்திவாக்கத்திலிருந்து மீன் கூடையோடு வருவாளே, உன் பழைய எதிரி. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீ ஒரு மீனையாவது கையில் எடுத்ததுண்டா? "எம்மூஞ்சப் பாத்தா நம்பிக்க இல்லியா?" என்று அவள் கத்துவாள். "மூஞ்சி நல்லாத்தான் கீது, செவுளு சொல்லட்டும்" என்பாய்.

அன்று வாசலில் உட்கார்ந்து எங்களுக்காக இறால் உரித்துக்கொண்டிருந்தவள், உள்ளே கேட்ட முழக்கத்தில் கையை நிறுத்தினாள்.

"இன்னா பாப்பா, யார்கூட சண்ட?"

"பாடம்க்கா. வடகிழக்குப் பருவக்காற்று."

"காத்தா? நம்ம சமாச்சாரமாச்சே. எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, கையக் காட்டு."

மரகதம் கொஞ்சமும் தயங்காமல் கையை உயர்த்தி, கூரையின் வலது மூலையைக் காட்டினாள். தேசப்படத்தில் வடக்கு மேலே, கிழக்கு வலப்பக்கம். அப்படியானால் வடகிழக்கு கூரையில்தானே இருக்கவேண்டும்?

அஞ்சலை சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த நண்டு ஒன்று வெளியே குதித்தது. "அய்யே, ஓட்டப் பிரிச்சிகினு வருதா காத்து? சார், நீயாவது சொல்லு."

நானும் நிமிர்ந்து கூரையைத்தான் பார்த்தேன் அக்கா. இதை உன்னிடம் மறைக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பூகோளப் புத்தகம் ஒன்றுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். ஒற்று, கால்புள்ளி எதுவும் என்னிடம் தப்பாது. அன்றன்று மாலை, இன்றைக்கு என்ன படித்தாய் என்று யாராவது கேட்டிருந்தால்? நல்லவேளை, பதினைந்து வருஷமாக யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான். அதைத்தான் உன் மகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை அவளை வாசலுக்கு இழுத்துவந்து, தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். "அந்தாண்ட பாரு. மூஞ்சில அடிக்குதே, இதான் வாடக் காத்து. இது அடிச்சா எங்காளுங்க கட்டுமரத்த எறக்க ரோசன பண்ணுவாங்கோ. இத்தப் போயி வூட்டுக்குள்ள தேடிகினு கீற!" பிறகு அவளே சொன்னாள்: "உங்கம்மா சொல்லும் தெரியுமா? மூஞ்சி நல்லாத்தான் கீது, செவுளு சொல்லட்டும்னு. நாளைக்கு வருவேன். பொஸ்தகத்த மூடி வெச்சிட்டு எனக்குச் சொல்லு. செவுளத் தூக்கிப் பாக்கறேன்."

மறுநாள் வந்தாள். எழுத்துத் தெரியாதவளை ஏமாற்றிவிடலாம் என்று மரகதம் எண்ணியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. "எதுக்கு?" என்று கேட்பாள். "அப்பால?" என்பாள். ராஜா ஒருவர் படையெடுத்தார் என்றால், "அந்தாளுக்கு இன்னா கொற, வூட்ல இருக்கறதுக்கு?" என்பாள். பதில் இல்லாவிட்டால் மரகதம் உள்ளே ஓடி, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூடிவைத்துவிட்டு வந்து தன் வாயால் சொல்லவேண்டும். புதுப் பாடத்துக்குப் போகுமுன், "நேத்திது சொல்லு மொதல்ல. நாறிச்சா இன்னான்னு பாப்போம்" என்பது தினப்படி வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் வாரத்துச் சரக்கு அத்தனையும் வெளியே வரும்.

கூச்சல் குறைந்தது. பத்து தடவை படித்தவள் இரண்டு தடவை படித்தாள். மிச்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எதையோ தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். முதலில் தூங்குகிறாள் என்று அதட்டினேன். "செவுளு பாக்கறேன் மாமா" என்றாள். ஒரு நாள் அஞ்சலை வரவில்லை. மரகதம் வாசலில் உட்கார்ந்து பூனைக்குச் சரித்திரம் சொன்னாள். பூனை எதுவும் கேட்கவில்லை. ஆகவே அவளே கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் தெளிந்தது. நீயாக இருந்தால் இதை முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய், இல்லையா?

சித்திரையில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். பூகோளத்தில் வகுப்பில் இரண்டாவது. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியது பற்றி மரகதமும் அஞ்சலையும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அல்ஜீப்ராவுக்குச் செவுள் எங்கே என்று அஞ்சலையாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரர் பன் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். அட்டையைப் பார்த்தார், இரண்டு பக்கமும். "நைனா, வாட எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, சொல்லு?" என்று மரகதம் கேட்டாள். படகில் வேலை செய்கிறவர். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார், சரியாக. "ம்" என்றாள் அவள், பரீட்சை வைத்தவளைப் போல. அவர் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. நான்காம் பாரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தையல் மிஷினைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இதை அச்சிலும் போடப்போகிறேன். பிழை திருத்துவதும் நானே. மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம் கடிதத்தை எட்டிப் பார்த்தால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். அவர்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இனி வாக்கு. அவள் கடைசிப் பாரம் முடிக்கிற வரைக்கும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு பாடத்தையும் இந்த வீட்டுக்குள் விடமாட்டேன். சிவப்புப் பென்சில் அச்சகத்தோடு நிற்கும். கீரை விஷயத்தில் மரகதமும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம்.

நாற்காலி இப்போது வாசலில் இருக்கிறது. அதில் அஞ்சலை உட்காருகிறாள்.

உன் தம்பி,
மரகதத்தின் தாய்மாமன்