மஞ்சள் செடி கேட்டு வந்த உனக்கு

காலையிலிருந்து தெருவெல்லாம் கோதுமை மாவும் வெல்லமும் நெய்யில் வேகிற வாசம். கருமத்தம்பட்டியில் எங்கள் தறிக்குடோனுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் உன் ஊர்க்காரர்கள் சட் பூஜைக்குப் பலகாரம் சுடுகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வாசம் கதவுக்கு அடங்குமா? அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

பீகாரிலிருந்து நீங்கள் நாலு குடும்பம் வந்து இறங்கிய பிறகு எங்கள் தெருவுக்குப் புதுசாக இரண்டு பண்டிகை வந்தது. மாசிக் கடைசியில் ஒருவர் மேல் ஒருவர் வண்ணப்பொடி பூசுவீர்கள். ஒரு வருடம் என் வெள்ளைச் சுவரே ரோஸ் ஆகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் நீதான் துடைக்கத் துணியோடு ஓடி வந்தாய். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை; சூரியனைக் கும்பிடக் கரும்பும் வாழைத்தாரும் முறத்தில் தேங்காயுமாகப் பாடிக்கொண்டே குளத்துக்குப் போவீர்கள். தறிச் சத்தத்துக்கு நடுவில் தமிழ் கற்றவள் நீ. எங்களைவிட அதிகமாக ‘ங்க’ போட்டுப் பேசுவாய்; எனக்குச் சிரிப்புத் தாங்காது.

அந்த வருடம் பூஜையன்று மத்தியானம் வந்தாய். முறத்தில் வைக்க வேரும் இலையுமாக ஒரு மஞ்சள் செடி வேண்டும் என்றாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். நீட்டினேன். நீ வாங்கவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது.

“எங்கூட்டுல தண்ணி குடிக்காம போனா செடி தர மாட்டேன் அம்மணி,” என்றேன். விளையாட்டுத்தான், பாதி நிஜமும்கூட.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய்.

சாயங்காலம் குளக்கரையில் உன் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. முந்தின நாள் இரவிலிருந்து மறுநாள் சூரியன் உதிக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாதாம். உன் நாலு வயது மகளுக்கு வலிப்பு நிற்க வேண்டும் என்று இருந்த விரதமாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கும்பிட்டுவிட்டு நீ கரையேறியதும் கையைப் பிடித்து, வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று திட்டினேன்.

“நீங்க குடுத்தத வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க அக்கா. சாமிகிட்டச் சொல்லிப்போட்டேன். தப்பு என்னுதுங்க, புள்ளைய ஒண்ணும் பண்ணிராதீங்கன்னு.”

மகளுக்கு அப்புறம் வலிப்பு வரவில்லை. அடுத்த ஆடியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் நீ இல்லை. கொசுக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொசுவுக்கு விரதம் தெரியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நீ கேட்டபடியே நடந்துவிட்டதோ என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்து தண்ணீர் குடித்தாலும் நீ கண்ணை மூடிக் குடிப்பதுதான் தெரிகிறது. உன் வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆளில்லை.

நேற்று ராத்திரியிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. சர்க்கரை இருக்கிற உடம்புக்கு இதென்ன கூத்து என்று என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். காரணத்தைச் சொல்லவில்லை. சாயங்காலம் உன் ஊர்ப் பெண்களோடு குளத்தில் இறங்கப் போகிறேன். உங்கள் பாட்டு எனக்குத் தெரியாது. சொல்வதற்கு என்னிடம் இருப்பது ஒரே பேச்சுத்தான்: அந்த அம்மணி சொன்னது பொய்யிங்க சாமி, தப்பு என்னுதுங்க.