உப்புப் போடாத நாலு மீட்டர்

2023 ஒக்டோபர் 17
தூண் வந்து சேர்ந்தது. வயது ஆயிரத்து எண்ணூறாம். கடலோர இத்தாலிய நகரம் ஒன்று ஒஸ்லோவுக்குக் கொடுத்த அன்பளிப்பு. நகர நடுவில் இடமில்லை என்று நகர ஓரத்திலுள்ள எங்கள் ரொம்சோஸ் சதுக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பளிங்கு. என்னைப்போல் இரண்டு மடங்கு உயரம். மேல்பகுதி இல்லை. பதினாறு வருடமாக இங்கே கட்டடப் பராமரிப்பு என் வேலை, ஆகவே தூணும் இனி என் வேலை. என் மனைவி உதயகுமாரி யன்னலால் பார்த்துவிட்டு, மிச்சம் எப்ப வரும் என்று கேட்டாள்.

ஒக்டோபர் 29
அயல் பிள்ளைகள் அதைக் காற்பந்துக் கோல் கம்பமாக்கிவிட்டார்கள். ஒரு கம்பம்தான் என்பதால் சண்டை.

நவம்பர் 21
தூணுக்குப் பொறுப்பான கல் நிபுணர் யூலியன் வந்து ஒரு கடிதம் தந்தார். சுற்றிவர நாலு மீட்டருக்கு, பனி உருக உப்பும் போடக்கூடாது, வழுக்காமல் இருக்கக் கல்துகளும் போடக்கூடாது. உப்பு பளிங்குக்குள் இறங்கி அதை உடைக்கும், துகள் கீறும். பனியைக் கையால்தான் அள்ள வேண்டும்.
சுரங்க ரயிலுக்குப் போகிற வழி அந்த நாலு மீட்டருக்குள்தான் வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன்? அவர் கைகொடுத்து, "இனி நீங்கள்தான் இதன் காவலர்" என்றார். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம். ஒருவரும் எனக்கு அப்படியொரு பெயர் வைத்ததில்லை.

2024 ஜனவரி 9
இரவு பெய்த மழை விடியமுன் உறைந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் உப்புப் போட்டேன். நாலு மீட்டரை மட்டும் அலவாங்குக் கம்பியால் கொத்தினேன், தூணில் படாமல். பாதிகூட முடியவில்லை. ஆறு மணிக்கு உதயகுமாரி முதியோர் இல்ல வேலைக்கு வெளிக்கிட்டு வந்தாள். சுற்றிப் போம் என்று கத்தியிருக்கலாம். நான் குனிந்தபடி தூணின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விழுந்த சத்தம் பெரிதாக இல்லை.
வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. அம்புலன்சுக்குக் காத்திருந்தபோது அவள் அழவில்லை. ஒன்றுதான் சொன்னாள்: "என்னைவிட அதுக்கு வயசு கூட எண்டுதானே பாத்தனீங்கள்."

ஜனவரி 10
இரண்டு மூட்டை உப்பு. தூணின் அடி வரைக்கும்.

ஜனவரி 12
யூலியனுக்கு நானே எழுதிவிட்டேன் — உப்புப் போட்டது நான், இனியும் போடுவேன் என்று. வேலை போனால் போகட்டும்... போகட்டும் எண்டு எழுதிறது லேசு. ஐம்பத்தெட்டு வயசிலை ஆர் எனக்கு வேலை தரப்போகினம்?
காலையில் உதயகுமாரிக்குத் தலை பின்னிவிட்டேன். கோணல். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

பெப்ரவரி 27
யூலியன் வந்தார். தூணின் அடியில் வெள்ளைப் பூச்சுப்போல உப்பு பூத்திருக்கிறது. உள்ளங்கை அளவு பளிங்கு பெயர்ந்து விழுந்தும் விட்டது. அதை ஒரு துணியில் சுற்றினார். பிறகு தான் முன்பு என்னிடம் கொடுத்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடி முழுவதும் வாசித்தார்.
"இதில் மனிதர்கள் நடப்பார்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை" என்றார்.
நான் அதை அன்றைக்கே பார்த்தேன், சொல்லவில்லை என்றேன். இரண்டு பேரும் தூணைப் பார்த்தோம். அது எங்களைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லவில்லை.
உதயகுமாரியின் கை எப்படி என்று கேட்டு, மேலே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவள் இடது கையால் ஊற்றிக் கொடுத்தாள்.

மே 6
தூணை நூலகத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கே பனி இல்லை, உப்பு இல்லை, ஆட்கள் சுற்றிவர இருந்து பேப்பர் வாசிக்கிறார்கள். என் வேலை போகவில்லை. காவலர் வேலை மட்டும் நூலகருக்குப் போய்விட்டது.
சதுக்கத்தில் ஒரு வெறும் வட்டம். ஆட்கள் இன்னும் அதைச் சுற்றித்தான் போகிறார்கள், நானும். உதயகுமாரி இன்று திரும்ப வேலைக்குப் போனாள். நான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனேன். அவள் வட்டத்துக்கு நடுவால் நேராக நடந்துபோய், மற்றப் பக்கத்தில் எனக்காக நின்றாள்.