வெசாக் மாதத்துப் பஸ்கா

அக்கா,

முன்வீட்டில் புத்தர் பண்டிகைக்குக் கட்டிய வெசாக் விளக்குக் கூடுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். மழையில் ஊறிய சாயக் கடதாசியும் மாப் பசையும் சேர்ந்து ஒரு புளித்த மணம். ஜன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமலே நின்றுவிட்டேன். கட்டுகஸ்தோட்டையில் மற்ற எல்லோருக்கும் இது வெசாக் முடிந்த மணம். எனக்கோ நீங்கள் கண்டியில் பஸ் மாறி வந்து, குடையை வாசலில் உதறிவிட்டு, "இஞ்ச, கதவைத் திறவும்" என்று கூப்பிடுகிற மணம்.

இந்த வருஷம் அப்படி யாரும் கூப்பிடவில்லை. நீங்கள் போய் இரண்டு மாதமாகப் போகிறது. இந்தக் கடிதத்தைக்கூட விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். நடுவில் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துணி அலச வேண்டும். அலுத்துப்போய்விட்டது அக்கா. உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

நாம் சிநேகமானது தேவாலயத்து மாதர் ஐக்கியத்தில். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தபால் கந்தோர் வேலைக்கு வந்து பிலிமத்தலாவையிலேயே தங்கிவிட்டவர். நான் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து படித்து வந்து, கண்டியில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். முதல் நாளே என்னைப் பார்த்து, "நீர் எங்க இருக்கிறீர்?" என்று கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் ஜெபத்தில் கடவுளை மட்டும்தான் 'நீர்' என்போம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னை ஏன்க்கா கடவுளாக்குறீங்க?" என்றேன். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்தப் பயம் உமக்கு வேண்டாம். பாத்தா அப்பிடித் தெரியேல்லை" என்றீர்கள். அன்றைக்குப் பிடித்த சிரிப்புத்தான், பிறகு நாம் எங்கே போனாலும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில்தான்.

வேதபாடத்துக்கு மற்றவர்கள் சங்கீதம் கேட்டால் நீங்கள் லேவியராகமத்தைத் திறப்பீர்கள். பண்டிகைகளின் அதிகாரம் வந்தால் உங்களுக்கு நிறுத்தத் தெரியாது. அறுப்பின் முதல் கதிர்க்கட்டை ஆலயத்தில் அசைத்துக் காட்டுகிற நாளில்தான் இயேசு கல்லறையை விட்டு வந்தார் என்பீர்கள். கூடாரப் பண்டிகையில் தண்ணீர் ஊற்றுகிறபோதுதான் அவர் தாகமுள்ளவர்களைக் கூப்பிட்டார் என்பீர்கள். பின்வரிசையில் ஒருத்தி, "அக்கா நம்மளையெல்லாம் யூதராக்காம விடமாட்டாங்க" என்று முணுமுணுத்தாள். உங்கள் காதில் விழுந்துவிட்டது. "யூதரா வரத் தேவையில்லை, பிள்ளை. ஆண்டவர் கொண்டாடின நாள் என்னெண்டாவது தெரிய வேணுமெல்லோ?" என்றீர்கள். நானும் உங்களைக் கேலி செய்தவள்தான். எனக்கு அந்தப் பக்கங்களெல்லாம் ஆடும் மாடும் இரத்தமுமாகத்தான் தெரிந்தன.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் தடுமாறி, கட்டிலுக்கும் சாய்கதிரைக்கும் நடுவில் அடங்கிப்போனார். நான் ஆலயத்துக்குப் போவது நின்றது. முதல் சில வாரம் விசாரிக்க வந்தார்கள். அப்புறம் அவரவருக்கு அவரவர் பாடு. பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் எனக்குத் தொலைபேசியில் வந்த வாழ்த்துப் படங்களாக முடிந்தன. போதகர் கையால் அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுத்து எவ்வளவு காலம் என்பதே மறந்துபோயிற்று. போதகரைக் கூப்பிட்டால் வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. தோட்டத்திலிருந்து வந்த நாள்முதல் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் நான். இந்த வயதிலா பழகப்போகிறேன்?

அந்த மே மாதம், வெசாக்குக்கு முதல் நாள் பின்னேரம், நீங்கள் வந்து நின்றீர்கள். கையில் துணியில் சுற்றிய ரொட்டி, ஒரு டப்பாவில் பாவற்காய்ச் சம்பல், ஒரு சின்னப் போத்தலில் திருவிருந்தில் கொடுக்கிற மாதிரி முந்திரிகைச் சாறு.

"என்னக்கா இது, யாருக்கும் பிறந்த நாளா?"

"இல்லை. இண்டைக்குப் பஸ்கா."

"பஸ்கா போன மாசமே முடிஞ்சிருச்சுக்கா."

"அது முந்தினவைக்கு. இது பிந்தினவைக்கு."

என்னை இருக்கச் சொல்லி எண்ணாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்தீர்கள். பிணத்தைத் தொட்டதால் தீட்டுப்பட்ட சில மனிதர்கள், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து உண்ணும் பஸ்கா அன்று, மோசேயிடம் போகிறார்கள். நாங்கள் ஏன் விலக்கப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, பொறுங்கள் என்கிறார். தீட்டுப்பட்டவனும் தூரப் பயணம் போனவனும் அடுத்த மாதம் அதே பதினாலாம் நாளில் கொண்டாடலாம் என்று கடவுள் சொல்கிறார். புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை, எல்லாம் அப்படியே.

"லேவியராகமத்துப் பண்டிகைக் கணக்கில இது இல்லை, பாத்தீரோ?" என்றீர்கள். "மற்றதெல்லாம் கடவுள் தானாத் தந்தது. இது மட்டும் ஆரோ களைச்சுப்போன நாலு பேர் கேட்டதால வந்தது. அவை கேட்டிருக்காட்டி இப்பிடியொரு நாளே இல்லை."

பிறகுதான் உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வந்தீர்கள். அரிமத்தியா யோசேப்பும் நிக்கொதேமுவும் பஸ்காவுக்கு முந்திய பொழுதில் இயேசுவின் உடலை இறக்கி, துணி சுற்றி, கல்லறையில் வைத்தவர்கள். பிணத்தைத் தொட்டவர்கள். ஊர் முழுக்கப் பஸ்கா உண்ணும்போது அவர்கள் வெளியில் நின்றிருப்பார்கள். இயேசு இறந்தது பஸ்காவுக்கு முன்னா பின்னா என்று சுவிசேஷங்களுக்குள் நாள் கணக்கு ஒத்துவராது என்று போதகர் ஒருமுறை சொன்னது எனக்கு நினைவிருந்தது. நீங்களோ யோவான் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அடுத்த மாசம் அவை ரெண்டு பேரும் பஸ்காவுக்கு இருக்கேக்க, தாங்கள் அடக்கம் பண்ணினவர் உயிரோட நடந்து திரியிறார். யோசிச்சுப் பாரும். பிந்தினவைக்கு ஒரு குறையும் இல்லை."

எழுந்து போய்த் தேநீர் வைத்தேன்.

அதன் பிறகு வருஷா வருஷம் வந்தீர்கள். அந்த நாளை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அக்குறணைப் பலசரக்குக் கடையில் கொடுத்த காலண்டரைக் காட்டினீர்கள். அதில் போயா என்கிற பௌர்ணமி நாளுக்கெல்லாம் வட்ட நிலா. ஏப்ரல் மாதத்துப் பக் போயாவை ஒட்டிப் பஸ்கா, வெசாக் போயாவை ஒட்டி இரண்டாம் பஸ்கா, அவ்வளவுதான். "முஸ்லிம் கடைக் காலண்டர்ல பௌத்தப் போயாவைப் பாத்து யூதப் பண்டிகை கொண்டாடுற வேதக்காரர் கண்டியில நாமதான்க்கா" என்றேன். ஒரு நாள் முன்பின் போனால் ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்றீர்கள். என் வீட்டுக்காரருக்கும் ரொட்டியைத் தேநீரில் தோய்த்து ஊட்டுவீர்கள். அவர் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய கிழமை உங்கள் மகள் அழைத்து, நீங்கள் கண்மூடிவிட்டீர்கள் என்று சொன்னாள். அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. பார்த்துக்கொள்ள ஒருவரும் கிடைக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைக்கும் பிலிமத்தலாவைக்கும் என்ன பெரிய தூரம்? ஆனாலும் உங்கள் அடக்கத்துக்கு நான் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத் தொடவில்லை. பிணத்தைத் தொட்டவர்களுக்கு ஒரு வழி இருந்தது. தொட முடியாமல் போனவளுக்கு எந்த அதிகாரத்தில் இடம் என்று உங்களிடம்தான் கேட்டிருப்பேன். தூரப் பயணம் என்று நீங்கள் ஏதாவது சொல்லி என்னை உள்ளே சேர்த்திருப்பீர்கள். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

ஆகவே இந்த வருஷம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நீங்கள் கொண்டுவந்த பண்டிகை உங்களோடு போகட்டும். அவர் காய்ச்சல் விட்டபின் இன்னும் ஒடுங்கிப்போனார். ஒவ்வொரு கரண்டிக்கும் கெஞ்ச வேண்டும். இருந்த ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோயின.

வெசாக்குக்கு முதல் நாள் பின்னேரம் கடையில் பேக்கரிப் பாண் முடிந்துவிட்டது. பசிக்கு வேறு வழியில்லாமல் மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். தேங்காய் துருவ உடம்பில் சீவனில்லை. உப்புப் போட்டேனா என்றும் தெரியாது. சுட்டதை அடுப்படியில் நின்றபடியே பிய்த்துத் தின்றேன். அன்றைக்கு என்ன நாள் என்று தெரியும், தெரிந்தும் வேண்டுமென்றே ஒரு ஜெபமும் சொல்லவில்லை. உங்கள் மேலும் கோபம், அவர் மேலும் கோபம், மேலே இருக்கிறவர் மேலும் கோபம். கண்ணீர் வந்து வாயிலிருந்த ரொட்டியோடு சேர்ந்தது.

அப்போது சாய்கதிரையிலிருந்து ஒரு சத்தம். திரும்பினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "எ... னக்கு?" என்றார்.

அவர் ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று அக்கா! ரொட்டியைப் பிய்த்து, தேநீரில் தோய்த்து ஊட்டினேன். விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார்.

களைப்பு போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் இடுப்பு விட்டுப்போகிறது. நாளைக்கும் இதே கஞ்சிதான், இதே துணிதான். ஆனால் வெசாக் அன்று விடிந்ததும் போதகருக்கு நானே தொலைபேசியில் கோல் எடுத்தேன். நலம் விசாரித்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். போதகர் மறுமுனையில் பொறுத்திருந்தார்.

"திருவிருந்து கொண்டாங்க ஐயா," என்றேன். "எங்களுக்கும் வேணும்."