சுவரில் திறந்த ஒன்பது துளைகள்

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்களா. பேத்திக்கு இருமல் நின்றதா, ராத்திரி தலைக்குக் குளிப்பாட்டாதே என்று சொன்னால் நீ கேட்பதில்லை. நீ டைப் அடித்து அனுப்பிய தாள் செவ்வாய்க்கிழமை வந்தது, எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். நான் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், துளைகளை மறுபடி அடைக்கச் சம்மதிக்கிறேன் என்று எனக்காக எழுதியிருக்கிறாய். தெரியாமலா? உன் அத்தை போனில் என்ன சொல்லி உன் மனசைக் கலைத்தாளோ, நடந்ததை நான் சொல்கிறேன் கேள்.

நம் வீட்டுக்கும் அடுத்திருக்கும் உன் அத்தை வீட்டுக்கும் பின்னால் பாறையைத் தாங்கி நிற்கிற சுவரில் பன்னிரண்டு துளை உண்டு, மழை பெய்தால் பாறைக்குள் இறங்கின தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வரும். உன் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. எந்நேரமும் சேறு ஒழுகுது, ஒரு துணி காயப்போட முடியுதா என்று பஞ்சாயத்து ஆபீசில் போய் அழுதாள். கான்டிராக்டர் வந்து பன்னிரண்டையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, ஒழுகல் நின்னுபோச்சு பாத்தீங்களா என்று சிரித்தான். வேண்டாமப்பா என்றேன். இம்மாம்பெரிய பாறையைத் தண்ணி என்னம்மா பண்ணும், நீங்க உள்ள போய் உக்காருங்க என்றான். இவன் அப்பன்தான் குவாரியில் எனக்கு மேஸ்திரி, பெயர் சொல்லாமல் ஏய் தண்ணிக்காரி என்றே பதினொரு வருஷம் கூப்பிட்டவன், அதையும் நான் மறக்கவில்லை. அங்கே என் வேலை என்ன? கல்லில் வரிசையாகக் குழி அடித்துக் காய்ந்த மர ஆப்பை இறுக்குவார்கள், நான் குடம் குடமாக அதில் தண்ணீர் ஊற்றுவேன், ஆப்பு ஊறிப் பருத்து விடிவதற்குள் யானை உயரக் கல் இரண்டாகக் கிடக்கும். தண்ணீர் கல்லை என்ன பண்ணும் என்று என்னிடம் கேட்கிறான்!

இந்தப் பாறையும் சும்மா நிற்கவில்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, திடீரென்று மழையில் குளிர்ந்து, மேல்தோல் வெங்காயம் மாதிரி உரிகிறது. நீ ஏழாவது படிக்கும்போது அந்த வெடிப்பில் உன் சுண்டுவிரல் நுழையாது, இப்போது என் கை மணிக்கட்டு வரை போகிறது, உள்ளே ஆலங்கன்று வேறு வேர்விட்டு நெம்புகிறது. தினமும் காலையில் ஒரு முறம் மணல் கூட்டி அள்ளுகிறேன், அது வேறு எங்கிருந்து வருகிறது, பாறை கரைந்துதான் வருகிறது. துளையை அடைத்த பிறகு இரண்டாவது மழைக்கே சுவர் வயிறு தள்ளிவிட்டது, என் பின்கதவு சாத்த வரவில்லை. அந்தச் சுவரை ஒட்டின அறையில்தான் உன் அத்தை வீட்டுக் குழந்தைகள் மூன்றும் படுக்கின்றன. அவளோடு எனக்கு இருபது வருஷப் பகை, குழந்தைகளோடு இல்லை.

கடப்பாரையை எடுத்தேன். ஒன்பது துளையைக் குத்தித் திறந்தேன், மீதி மூன்றும் எனக்கு எட்டவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த கான்டிராக்டரின் வெள்ளைச் சட்டை மேலேயே முதல் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, நான் குறி பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் தப்பில்லை. ஒன்றரை நாள் சேறும் சகதியுமாக ஓடியது. மூன்றாம் நாள் என் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஆபீஸ் இன்ஜினியர் வந்து, பொதுச் சொத்தில கை வைக்கலாமா பாட்டி, மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்டுடுவோம், இல்லைன்னா கேஸ்தான் என்றார். போடுங்க, ஆனா இந்தச் சுவத்துக்கிட்டயே வந்து நின்னு விசாரிங்க, மழை பெய்யுறப்ப வாங்க என்றேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். உன் அத்தை என்னோடு பேசுவதில்லை, ஆனால் குழந்தைகளின் பாயை முன்னறைக்கு மாற்றிவிட்டாள், ஜன்னல் வழியே பார்த்தேன்.

ஆகவே பயந்து பயந்து எனக்கு போன் பண்ணாதே. வியாழக்கிழமை ஆபீசுக்கு நானே போகிறேன், மீதி மூன்றையும் அவர்கள் ஏணி வைத்துத் திறக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் முகம் சுளிக்காதே, மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள். நல்ல தாளாக அனுப்பியிருக்கிறாய், வீணாக்க மனசு வரவில்லை, பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் என் கையெழுத்துக்கு நீ கோடு போட்டு வைத்த இடம் காலியாகவே இருக்கட்டும், இந்தப் பக்கம் போடுகிறேன்.

இப்படிக்கு,
தெரிந்தே செய்த உன் அம்மா