என் கை சாய்ந்த பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அசதியைச் சொல்லாமல் விட்டால் நானும் அம்மாவும் நலமே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு இடது கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது வீட்டில் எங்கெங்கே தூசி என்று கண்டுபிடித்து என்னை விரட்டுகிறாள். தம்பி வேறு அலுவலகத்துக்கு மாறிவிட்டான், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, நீ சொன்னால் கேட்பான்.

ஓய்வுக்குப் பிறகு நான் ஆய்வு மையத்துக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் பேட்டிகளைப் படித்து, 'பிள்ளைகள் கைவிட்டவர்', 'விரும்பி வந்தவர்' என்று இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் நாற்பது பேட்டி. போன மாதம் சரிபார்ப்பதற்காக அதே நாற்பதையும் பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் கொடுத்தார்கள். நான் கைவிட்டவர் என்று போட்டது முப்பத்தொன்று, அவள் போட்டது பதினான்கு. அவளுக்கு அனுபவம் போதாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. நான் கைவிட்டவர் என்று குறித்த ஓர் ஆசிரியையின் பேட்டியை மட்டும் எடுத்து நீட்டி, "சார், இந்த டீச்சரம்மா எங்க அப்படிச் சொல்லியிருக்காங்க, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள். இரண்டு தடவை தேடினேன். "மகன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்" என்று மட்டுமே இருந்தது. மற்ற நாளில் பண்ணமாட்டான் என்பதை நானாகச் சேர்த்துப் படித்திருக்கிறேன்.

மனசு கேட்காமல், அனுமதி வாங்கிக்கொண்டு அந்த டீச்சரையே போய்ப் பார்த்து, நான் குறித்ததைச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். "என் புள்ள கைவிட்டுட்டான்னு எழுத நீங்க யாரு? யாருக்கும் பதில் சொல்லாம இருக்கணும்னு நான்தான் பெட்டியத் தூக்கிட்டு வந்தேன்" என்றார்.

நாற்பதையும் இன்னொருவர் மறுபடி பார்க்கட்டும் என்று மையத்தின் இயக்குநரம்மாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பேட்டி எடுக்கும் முன்பே அறிக்கைக்கு 'மறந்துபோன பிள்ளைகள்' என்று தலைப்பு வைத்துவிட்டவர் அவர், தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளாத தன் அண்ணன் மேல் அவருக்கும் ஆத்திரம். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் வம்பு" என்றார். வாதாடத் தெம்பில்லை. ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், என் மகள் ஆறு வருடமாக வரவில்லை, அந்த வருத்தம் என் குறிப்புகளில் ஏறியிருக்கிறது என்று. படித்துவிட்டுச் சம்மதித்தார். பிறகு மூன்றாவது ஆளை வைத்துப் பார்த்ததில் கைவிட்டவர் பதினாறு என்று வந்தது. தலைப்பை எடுத்துவிட்டார்கள். என்னையும் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அதில் தப்பில்லை.

இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போனில் "என்னப்பா, கோவமா?" என்று நீ கேட்கும்போதெல்லாம் அதெல்லாம் இல்லை என்றவன், முன்பின் தெரியாத பதினைந்து பேரின் பிள்ளைகள் மேல் அதைக் கொட்டியிருக்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டியதை உன்னிடமே கேட்டிருக்கலாம். ஏன் வரவில்லை, கண்ணு? சமாதானம் வேண்டாம், காரணம் எதுவானாலும் சொல், நீ சொன்னதை நீ சொன்னபடியே படிக்கிறேன்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். குட்டிக்கு என் முத்தம். முதுகுவலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. பதிலைப் போனில் சொல்லாதே, நான் குறுக்கே பேசிவிடுவேன். எழுதி அனுப்பு.

என்றும் உன்,
அப்பா