ஆர்கானிலும் வந்த எத்தனால்

பிப்ரவரி 2, 2025

இன்று பச்சை மிளகு பதினோரு கிலோ. அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பதால், இந்த வருடம் மரமேறுவது நான், கீழே ஏணியைப் பிடிப்பது அம்மா. எந்தக் கொடியை முதலில் பறிக்க வேண்டும் என்று கட்டிலில் கிடந்தபடியே அப்பா சொல்கிறார். மதியத்துக்கு மேல் ஆய்வேட்டை எடுத்து வைத்தேன். ஒரு வரிகூட நகரவில்லை.

பிப்ரவரி 5

நான்காம் அத்தியாயம் தொடங்கிவிட்டேன். முதல் வரி: "இந்தத் தாமிர வினையூக்கியில் மின்சாரம் பாய்ச்சினால் கார்பன் டை ஆக்ஸைடு எத்தனாலாக மாறுகிறது." ஐந்து வருட வேலை ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. அம்மாவிடம் சொன்னால், புகையிலிருந்து சாராயமா என்று சிரிக்கிறாள். கிட்டத்தட்ட அதுதான்.

பிப்ரவரி 7

வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவுக்குப் போனதும் சுகுணா ஏழு முறை கூப்பிட்டிருப்பது தெரிந்தது. சேலம் ஆய்வகத்தில் எனக்கு அடுத்துச் சேர்ந்தவள். என் வினையூக்கியை நம்பித்தான் அவளுடைய ஆய்வே நடக்கிறது.

கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம். சும்மா இருப்பானேன் என்று ஆர்கான் வாயுவை விட்டுச் சோதனையை ஓட்டியிருக்கிறாள். ஆர்கானில் கார்பனே இல்லை. எத்தனால் வரவே கூடாது.

"அக்கா, வருதுங்க. அதே அளவு வருது."

குடுவையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாய் என்றேன். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன் என்றாள்.

பிப்ரவரி 8

மிளகு பறிக்கப் போகவில்லை.

வாயுவிலிருந்து இல்லையென்றால் வேறு எங்கிருந்து? வினையூக்கிப் பொடியைக் கடைசியாக எத்தனாலில்தான் அலசுகிறோம். பிறகு உலர்த்தி, சின்னத் தகட்டுத் துண்டில் பூசி ஓட்டுகிறோம். பொடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதற்குள் தங்கியிருந்தால்? நாமே ஊற்றியதை நாமே அளந்துவிட்டு, வாயுவிலிருந்து வந்தது என்று —

இருக்காது. அப்போதே ஆர்கானிலும் ஓட்டிப் பார்த்தேனே. ஒன்றும் வரவில்லை என்று வெளியான எங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 9

இருக்கிறது. எந்தத் துண்டை வைத்து ஓட்டினேன்?

ஆய்வேட்டுக்காகக் கொண்டுவந்த பழைய நோட்டைப் புரட்டினேன். நவம்பர் 2022. அது மூன்று நாள் கார்பன் டை ஆக்ஸைடில் ஓடி முடித்த பழைய துண்டு. உள்ளே ஒட்டியிருந்த எத்தனாலெல்லாம் அந்த மூன்று நாளிலேயே கரைந்து வெளியே போயிருக்கும். அதில் ஒன்றும் வராததில் என்ன அதிசயம்?

ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: "புதுத் துண்டில் ஒருமுறை செய்ய வேண்டும்."

செய்யவில்லை. கட்டுரையில் "அதே நிலைமைகளில்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. புதுத் துண்டில் ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாயிருந்தது. இதை இன்றுவரை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

பிப்ரவரி 10

என் வழிகாட்டி தனசேகரன் சாரிடம் போனில் பேசினேன். பென்சில் குறிப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. மே மாதம் வாய்மொழித் தேர்வு, அதன்பின் ஜெர்மனியில் வேலை தயாராக இருக்கிறது, இப்போது போய் ஏன் கிளற வேண்டும் என்றார். சுகுணா செய்ததில் பிழை இருக்கலாம் என்றார். என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

சரிங்க சார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 11

மிளகு ஆறு கிலோ. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 13

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததற்கு அம்மா பிடித்துக்கொண்டாள். பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீ கண்டுபுடிச்சது பொய்யா கண்ணு?"

பாயின் ஓரத்து மிளகைக் கையால் உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து, பட்டம் கிடைக்காமல் போய்விடுமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். "அந்தப் புள்ளையத் தவுத்து ஆருக்குந் தெரியாதல்ல? உட்டுரு சாமி" என்றாள். உள்ளே அப்பாவுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் படுக்க வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

பிப்ரவரி 14

சுகுணாவின் செய்தி. "அக்கா, ஆர்கான்ல நான் தப்பா செஞ்சுட்டேன்னு நோட்டுல எழுதச் சொல்றாருங்க சார். எழுதட்டுங்களா?"

எழுதாதே என்று உடனே அனுப்பினேன். வளைவிலேயே அரை மணி நேரம் நின்றேன். சரியாகச் செய்தவள் தப்பு என்று எழுத வேண்டும், தப்புச் செய்தவள் டாக்டர் ஆக வேண்டும்.

பிப்ரவரி 15

அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா அத்தாயி வந்துவிட்டாள். முதல் பஸ்ஸில் மலையிறங்கிச் சேலத்துக்குக் கிளம்பினேன். பிறந்ததிலிருந்து பழகிய வளைவுகள்தான். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி.

பிப்ரவரி 19

சாதாரணக் கார்பனைவிட எடை கூடிய கார்பன் கொண்ட வாயு, பக்கத்து ஆய்வகத்தில் சின்ன சிலிண்டரில் இருந்தது. கேட்டு வாங்கினேன். எத்தனால் உண்மையிலேயே வாயுவிலிருந்து வந்தால் அதிலும் அந்தக் கார்பன் இருக்க வேண்டும். புதுத் துண்டு போட்டு ஓட்டினோம். கருவியின் முன்னால் நானும் சுகுணாவும் நின்றுகொண்டே இருந்தோம்.

எத்தனால் வந்தது. எல்லாமே சாதாரணக் கார்பன். எத்தனாலில் அலசாமல் தண்ணீரில் மட்டும் அலசிய துண்டில் எத்தனாலே இல்லை.

சுகுணா அழுதாள். இரண்டு வருடம் போயிற்று அவளுக்கு. "இனி நான் என்னங்க்கா பண்றது?" என்றாள்.

பிப்ரவரி 20

நோட்டை சாரின் மேஜையில் விரித்து வைத்தேன். பென்சில் வரியை வெகுநேரம் பார்த்தார்.

"அப்பவே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுங்க சார். செஞ்சு பாக்கல."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் வைத்தேன். வைத்துவிட்டுப் போ என்றார்.

மார்ச் 3

கையெழுத்துப் போட்டுவிட்டார். கடிதத்தை ஆபீஸ் உதவியாளர் மூலம் கொடுத்தனுப்பினார்.

ஏப்ரல் 22

நடந்ததை எழுதியதற்கு ஜெர்மனியிலிருந்து பதில். மரியாதையான நான்கு வரிகள். அந்த இடம் இனி இல்லை. நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் பாதிகூட மிஞ்சாது. இன்னும் இரண்டு வருடம் ஆகும். சுகுணா வேறு தலைப்புக்கு மாறிவிட்டாள். எதிரில் வந்தால் தலையசைக்கிறாள், அவ்வளவுதான். அப்பா கைத்தாங்கலாக வாசல் வரை நடந்தாராம். பட்டத்தைப் பற்றி அம்மா கேட்பதில்லை.

ஜூலை 9

அறிவிப்பு வெளியாகிவிட்டது. கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பு எழுத்து. என் பெயர் அதன் அடியில் தெரிகிறது. இன்று ஆய்வகத்துக்குப் போகவில்லை.

ஜூலை 14

திருச்சியிலிருந்து சதீஷ்குமார் என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஆய்வு மாணவர். என் முறைப்படி ஒன்றரை வருடம் செய்து பார்த்தாராம், ஒரு சொட்டுகூட வரவில்லையாம். கை சுத்தம் போதாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம். போன மாதம் ஆய்வை விட்டு நின்றுவிட்டார்.

பழைய அஞ்சல்களில் அவர் பெயரைத் தேடினேன். சென்ற வருடமே எனக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறார். நான் அனுப்பிய பதிலும் இருக்கிறது. "செய்முறையைக் கவனமாகப் பின்பற்றவும்." எழுதியது நினைவிலேயே இல்லை.

என்ன எழுதினாலும் சரியாக வரவில்லை. கடைசியில் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைங்க என்றார். பிறகு பொடியை எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள் என்று கேட்டேன். சூட்டில் வெற்றிடத்தில் வைத்து இரண்டு நாள் என்றார். ஈரம் இருக்கக் கூடாது என்று அவராகவே செய்தாராம். நான் ஒரு மணி நேரம்தான் உலர்த்தினேன்.

"நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றேன். "அதனாலதான் வரல."

அதை இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். சொன்னேன்.